எந்த ஆன்டிபயாடிக்: கொலிஸ்டினா, செஃப்டாசிடைம்-அவிபாக்டமா?
கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கே அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா ஐசியு நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்துவிட்டால், கல்ச்சரோடு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நிற்காமல் எதிர்ப்பு மரபணு சோதனையையும் உடனே கேளுங்கள், ஏனென்றால் மருந்தைத் தேர்வு செய்வதே அதை வைத்துத்தான். கேபிசி, ஆக்சா-48 என்ற எதிர்ப்பு மரபணுக்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், செஃப்டாசிடைம்-அவிபாக்டம்தான். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சிறுநீரகத்தைக் கொலிஸ்டின் அளவுக்குப் பாடுபடுத்தாது. என்டிஎம் என்ற எதிர்ப்பு மரபணு இருந்தால் அந்த மருந்து தனியாக வேலை செய்யாது, கூடவே அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்க்க வேண்டும். கொலிஸ்டின் 1950-களின் மருந்து. ஊசியாகப் போட்டால் நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேராது, சிறுநீரகத்தையும் கெடுக்கும், அப்புறம் கிருமி அதற்குக் கட்டுப்படுமா என்பதற்கு வழக்கமான வட்டு சோதனையை (மருந்து தோய்த்த வட்டைக் கிருமியின் மேல் வைத்துப் பார்ப்பது) நம்பவும் முடியாது. என் முதல் தேர்வு அது இல்லை. அசினெட்டோபாக்டர் என்ற வேறு பாக்டீரியா என்றால் கதை வேறு, அங்கே அவிபாக்டம் கைகொடுக்காது.