படகின் பின்புறக் கேமரா: வயரா, வயர்லெஸ்ஸா?

வயர்லெஸ் என்றால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் தனி பேட்டரி இல்லாத கேமராவுக்கு மின்சார வயர் எப்படியும் வேண்டும். மிச்சமாவது வீடியோ வயர் மட்டும்தான். உலோகப் படகில் சிக்னலும் தடைபடலாம். படகுத்துறையில் படகைப் பின்னோக்கி ஒதுக்கும்போது படம் ஒரு நொடி தாமதித்தாலும் ஆபத்து.

வயர் கேமராவைப் பொருத்துவது சிரமம்தான், ஆனாலும் என் தேர்வு அதுவே. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். தனி ஃபியூஸ் கட்டாயம். துளைக்குள் நுழையுமுன் வயர் கீழே தொங்கி மேலேறும்படி வளைவு விடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அப்புறம், கேமராவில் குறிப்பிடும் ஐபி67 என்ற தூசி, நீர்த் தடுப்புத் தரம், தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் சோதனை. உப்பு அரிப்பு அதில் அடங்காது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இரண்டு வகைக்கும் தேவை.