தஞ்சாவூரில் ஓர் எஸ்.எஸ்.பி. பயிற்சி வகுப்பு: களம் நன்று, கதைப் பயிற்சி வேண்டாம்

முப்படைகளின் அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வில் தேறியவர்களை, எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் வார இறுதி வகுப்பு ஒன்று தஞ்சாவூரில் நடக்கிறது. 2020-இல் சுகோய் விமானங்கள் கொண்ட 222ஆம் படையணி இவ்வூர் விமானப்படைத் தளத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் இத்தகைய பயிற்சிக்கு எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போனார்கள். அதனால் என் மகளை இங்கேயே சேர்த்தோம். பெற்றோர் உடன் அமர அனுமதி இருந்ததால், வகுப்புகள் பெரும்பாலானவற்றை நானும் பார்த்தேன்.

களப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பலகை, கட்டை, கயிறு, ஒரு சுமை ஆகியவற்றைக் கொடுத்து, தரையில் கால் படாமல் தடைகளைக் கடந்து அக்கரை சேருமாறு பிள்ளைகளை விடுகிறார். தலைவர் என்று எவரையும் நியமிப்பதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல் பிரிட்டன் அமைத்த அதிகாரித் தேர்வு வாரியங்களில் உருவான முறை இது; யாரும் பதவி தராதபோது எவர் சொல்லைக் குழு கேட்கிறது என்பதே இதில் அளக்கப்படுகிறது. கும்பகோணத்திலிருந்து வந்த, சத்தமாகப் பேசாத ஒரு பெண், பலகையின் நீளம் போதாது என்பதை முதலில் கண்டு, கட்டையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்த இளைஞனைவிட அவரையே அதிகாரி பாராட்டினார், அதற்கான காரணத்தையும் எல்லோர் முன்னிலையிலும் விளக்கினார்.

குறை முழுவதும் உளவியல் பகுதியில்தான். பன்னிரண்டு படங்களுக்குக் கதை (அவற்றில் ஒன்று வெற்றுத்தாள்), சொல் ஒன்றுக்குப் பதினைந்து விநாடி வீதம் அறுபது சொற்களுக்கு மனதில் தோன்றும் வாக்கியம், முப்பது நிமிடத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு என்ன செய்வோம் என்ற பதில், கடைசியாகத் தன்னைப் பற்றிய குறிப்பு என்று ஒரே அமர்வில் தொடர்ந்து எழுத வேண்டிய தேர்வு இது. இவற்றுக்கு இங்கே மனப்பாடக் கதைகளை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எல்லாக் கதையிலும் நாயகன் ஓர் இளம் அதிகாரி. வெள்ளமோ தீயோ வந்தால் தனியாளாகவே ஊரைக் காப்பாற்றிவிடுகிறான். வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன், 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய மறுநாள் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, சாலையில் விழுந்த தென்னை மரங்களை அறுத்து அகற்றியதைப் படக்கதையாக எழுதியிருந்தான். பயிற்றுநர், நாயகன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று அதை அடித்துவிட்டார்.

வாரியம் தேடும் பதினைந்து குணங்களில் ஒழுங்கமைக்கும் திறன், ஒத்துழைப்பு, பொறுப்புணர்வு, முன்முயற்சி ஆகிய நான்கும் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தன. உளவியலாளர் ஒருவர், களத் தேர்வு அதிகாரி ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர் என மூவர் தனித்தனியே இக்குணங்களை மதிப்பிட்டு, கடைசி நாள் கூட்டத்தில்தான் தம் கணிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உளவியலாளர் கையில் இருப்பது எழுத்து மட்டுமே. கதையில் ஊரையே காத்த ஒருவர் மறுநாள் களத்தில் கயிற்றைப் பிடிக்கவும் தயங்கி நின்றால், அந்த ஒப்பீட்டில் அது மறையப்போவதில்லை. போதாக்குறைக்கு, ஒரே தாளை மனப்பாடம் செய்த எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதுவார்கள்! இதைப் பயிற்றுநரிடம் கேட்டபோது, நேரத்துக்குள் எழுதி முடிப்பதே முக்கியம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நேரப் பயிற்சி தேவைதான், மறுக்கவில்லை; மணியடித்து அடுத்த சொல்லுக்குப் போகவைத்ததில் என் மகளின் வேகம் கூடியது.

மாதிரி நேர்காணல் பரவாயில்லை. சொந்த மாவட்டத்தைப் பற்றிக் குடைந்து கேட்கிறார்கள்: மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காவிட்டால் குறுவை என்னாகும், கல்லணையில் நீர் எப்படிப் பிரிகிறது என்பன போன்றவை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளே இதற்குத் தடுமாறியது எனக்கு வியப்பாக இருந்தது. வகுப்பறையில் காற்றோட்டம் குறைவு, குடிநீர் வசதி உண்டு.

உளவியல் பகுதியை விட்டுவிட்டு, களத்துக்கும் நேர்காணலுக்கும் மட்டும் சேர விரும்புவோருக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நாமாகக் கேட்டால்தான் அப்படி ஒரு வசதி இருப்பதையே சொல்கிறார்கள்.