6.5 அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்கள்: நகரத்தில் நிறைவு, நெடுஞ்சாலையில் எரிச்சல்

என் காரில் பொருத்தியிருக்கும், தாழ்ந்த ஓசைக்கும் உயர்ந்த ஓசைக்கும் தனித்தனி ஸ்பீக்கர்கள் கொண்ட 6.5 அங்குல காம்பொனென்ட் தொகுப்பின் விலை 9,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. அதைக் கவனித்த நண்பர் ஒருவர், தம் காரின் பழைய ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு இதையே போடலாமா என்று கேட்டிருக்கிறார். நகரத்துக்குள் ஒரு தரத்திலும் நெடுஞ்சாலையில் வேறொரு தரத்திலும் ஒலிக்கும் பொருள் இது என்பதால், அவருக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகள். காருடன் வந்த ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் வெயிலும் ஈரமும் பட்டுப் பொடிந்துபோனதால்தான் மாற்றும் தேவையே வந்தது. இந்தத் தொகுப்பின் ரப்பர் விளிம்பு, சென்னையின் கோடைகளையும் ஐப்பசி மழையையும் தாங்கி இன்றும் நெகிழ்வாக இருக்கிறது. உயர்ந்த ஓசைகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் முன்கண்ணாடியின் பக்கத் தூணின் அடியில் தனியே அமர்ந்திருப்பதால், முன்பு முழங்காலுக்கு அருகிலிருந்து வந்த பாடகரின் குரல் இப்போது டேஷ்போர்டுக்கு மேலே, முகத்துக்கு நேராக எழுகிறது. நான் எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது மிருதங்கம். தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் உள்ளங்கை அழுந்தும்போது வழுக்கி மேலேறும் கும்கி என்ற ஒலியைப் பழைய ஸ்பீக்கர்கள் வெறும் ‘தொம்’ என்ற ஓசையாகவே தந்தன. இவற்றிலோ அந்த நாதம் தொடங்கி, வளைந்து, அடங்குவது வரை கேட்கிறது. தனி ஆவர்த்தனத்துக்காகவே வண்டியை நிறுத்திய பின்னும் உள்ளேயே அமர்ந்திருந்த மாலைகள் உண்டு.

இந்தப் பெருமையில் பாதி கதவுக்குச் சேர வேண்டும். கூம்பின் பின்புறத்திலிருந்து வரும் ஒலி கதவின் ஓட்டைகள் வழியே வெளியேறி முன்புற ஒலியுடன் கலந்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள்தகட்டின் பெரிய துளைகளையும் அடைத்தோம். கண்ணாடி இடுக்கு வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வேண்டிய அடித்துளைகளை மட்டும் தொடவில்லை. இந்த வேலை இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் மிருதங்கம் இப்படிப் பேசாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இதன் ட்வீட்டர் அலுமினியக் குவிமாடம் கொண்டது. நகரத்தில் மிதமான ஒலி அளவில் அது தெளிவாக இருக்கிறது. திண்டிவனம் தாண்டி வேகம் நூறை நெருங்கும்போதோ, பாடகரின் ஒவ்வொரு ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் கீறத் தொடங்குகிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். டயரும் காற்றும் எழுப்பி காருக்குள் நிறையும் இரைச்சலின் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், அது பாட்டின் அடித்தளத்தை மூடிவிடுகிறது. இழந்ததை மீட்க ஒலியைக் கூட்டுகிறோம். அந்த இரைச்சலால் மறைக்கப்படாத 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான சீறல் ஓசைகளும் சேர்ந்தே உயர்கின்றன. முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி அதை இன்னும் கூர்மையாக்குகிறது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், வலது ட்வீட்டரின் சீறலைத்தான் முதலிலும் அதிகமாகவும் கேட்க நேர்கிறது. வயலின்கள் கூட்டாக மேல் ஸ்தாயியில் ஏறும் பழைய திரைப்பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் தலைவலியே வந்துவிடுகிறது.

தயாரிப்பாளர் இதை அறியாதவர் அல்லர். ட்வீட்டரின் ஒலியை மூன்று டெசிபல் குறைக்கும் சிறு சுவிட்ச் ஒன்றை, தாழ்ந்த ஓசையையும் உயர்ந்த ஓசையையும் பிரித்து அனுப்பும் கிராஸோவர் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பெட்டி இருப்பதோ கதவுக்குள். கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றாமல் சுவிட்சைத் தொட முடியாது. குறைத்து வைத்தால் நெடுஞ்சாலைக்கு ஓரளவு பொருந்துகிறது. நகரத்தில் குரலின் உயிர்ப்புப் போய்விடுகிறது. என் ஸ்டீரியோவின் ட்ரெபிள் கட்டுப்பாடும் உதவவில்லை. அது மிக உயர்ந்த பகுதியை முதலில் குறைப்பதால், சீறல் போகும் முன்பே கைத்தாளத்தின் மினுக்கம் போய்விடுகிறது.

கூடுதல் ஆம்ப்ளிஃபயர் தேவையா என்றும் நண்பர் கேட்டிருந்தார். ஸ்டீரியோவின் மேல் 4×50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், 14.4 வோல்ட் மின்சாரத்தில் உள்ளிருக்கும் சிப் ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட் மட்டுமே. எனவே ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும், கணநேர உச்சத்தைச் சொல்லும் பீக் வாட்டை விட்டுவிட்டு, கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் எழும் என்று காட்டும் சென்சிடிவிட்டியைப் பார்க்க வேண்டும். மூன்று டெசிபல் குறைந்த ஸ்பீக்கர் அதே சத்தத்தைத் தர இரு மடங்கு சக்தி கேட்கும். அந்த எண் ஒரு வாட்டுக்கா, 2.83 வோல்ட்டுக்கா என்பதையும் கவனிப்பது நல்லது. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட், ஆகவே எண் மூன்று டெசிபல் கூடித் தெரியும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கடந்த வாரம் விழுப்புரத்திலிருந்து காது எரிய வந்த பயணத்தின் கோபம் இந்தப் பதிலில் கலந்திருக்கிறது. எனினும் வாரந்தோறும் மதுரைக்கு ஓட்டிச் செல்லும் அவருக்கு நகரத்துத் தெளிவால் என்ன பயன்? பட்டுக் குவிமாட ட்வீட்டர் கொண்ட, சென்சிடிவிட்டி கூடிய கோஆக்சியல் இணை (ட்வீட்டர் ஸ்பீக்கரின் நடுவிலேயே அமர்ந்திருக்கும் வகை) ஒன்றை வாங்கி, மிச்சமாகும் பணத்தைக் கதவின் டேம்பிங் வேலைக்குக் கொடுக்கலாம். ஸ்பீக்கரின் பின்புறக் காந்தத்தின் ஆழம், கீழே இறங்கும் கதவுக் கண்ணாடியில் இடிக்காதா என்று மட்டும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். விலையைப் பார்த்து இதையேதான் வாங்குவேன் என்றால், கிராஸோவர் பெட்டிகளைக் கதவுக்குள் புதைக்காமல் டேஷ்போர்டுக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் பொருத்தித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடட்டும்.