மழைப் பந்தயத்துக்கு ஒரு கேமரா உறை

திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் கேமரா கடையில் மழை உறை கேட்டபோது, "மழ பெஞ்சா கேமராவ பைக்குள்ள வச்சிர வேண்டியதான அண்ணாச்சி?" என்று சிரித்துவிட்டு, கல்யாண வீடியோக்காரர்களுக்காக வரவழைத்திருந்த சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நைலான் துணி, உட்புறத்தில் நீர் புகாத பூச்சு, பின்பக்கத்தில் திரையைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் சன்னல், இருபுறமும் கையை உள்ளே விடுவதற்கான சட்டைக்கைகள், லென்ஸ் முனையில் இழுத்துக் கட்ட ஒரு நாடா. விலை எண்ணூற்றைம்பது ரூபாய். தயாரித்தவர் பெயர் என்று சொல்லும்படி அட்டைப்பெட்டியின்மேல் எதுவும் இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருச் சுற்றில் நடப்பதாக இருந்த இரவுநேரக் கார்ப் பந்தயத்தை மனத்தில் வைத்து இதை வாங்கினேன். மிக்ஜாம் புயலால் அந்தப் பந்தயம் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில்தான் நடந்தது. அதே டிசம்பரின் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி வெள்ளம் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. அந்த வாரம் கேமராவை நினைக்கும் நிலையில் ஊரில் எவரும் இல்லை.

எனவே முதல் சோதனை அடுத்த ஜூலையில், குற்றாலச் சாரலில் நடந்தது. சாரல் மேலிருந்து விழுவதில்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் வந்து, எந்த இடுக்கு இருந்தாலும் அதில் நுழையும். ஆகையால் உறைக்கு அதைவிடக் கடினமான சோதனை நம் பக்கத்தில் இல்லை என்றே கருதுகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பேருந்துகளைப் பந்தயக் கார்களாகப் பாவித்து, வண்டி ஓடும் திசையிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு படமெடுக்கும் பேனிங் முறையை 1/60 நொடி, 1/125 நொடி ஷட்டர் வேகங்களில் இரண்டு மணி நேரம் பழகினேன். கேமராவின் உடலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்த மகிழ்ச்சியில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு: பேருந்துகளை எடுக்க, தொலைவை நெருக்கிக் காட்டும் என் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸை 100 மி.மீ. அளவுக்கு மேல் நீட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தவறு இருங்காட்டுக்கோட்டையில் வெளிப்பட்டது. திருப்பெரும்புதூர் அருகே 1990 முதல் இயங்கிவரும் அந்த 3.7 கிலோமீட்டர் ஓடுபாதைக்கு, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறித் தாம்பரத்தில் இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். முற்பகலில் நல்ல வெயில். பிற்பகல் பந்தயத்துக்குச் சற்று முன்னர் மழை பிடித்துக்கொண்டது. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்குப் பாதையோரம் நிற்க அனுமதி கிடையாது. பார்வையாளர் பகுதியிலிருந்து, கம்பிவலைக்கு இப்பால்தான் எடுக்க வேண்டும். அதற்கு லென்ஸை முழுவதும், 300 மி.மீ. வரை, நீட்டியாக வேண்டும். நீட்டியதும் லென்ஸின் உட்குழல் முன்னே வந்தது. உறையோ அந்த நீளத்துக்குத் தைக்கப்படவில்லை. நாடா, லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூடைவிட்டு வழுக்கிப் பின்னால் போக, உட்குழலின்மீது நேராக மழை விழுந்தது. இவ்வகை லென்ஸ்களில் நனைந்த குழலை அப்படியே உள்ளிழுத்தால் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால், அதன்பின் ஒவ்வொரு முறையும் குழலைத் துணியால் துடைத்த பிறகே சுருக்க வேண்டியதாயிற்று. அப்படித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் முன்னணிக் கார்கள் இரண்டு சுற்றுகளை முடித்திருந்தன. இந்த உறையைப் பற்றி எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்.

மழையில் பந்தயப் படம் எடுப்பவரின் கைகளுக்கு வேலை அதிகம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெயிலில் எல்லாக் கார்களும் ஏறத்தாழ ஒரே தடத்தில் வரும். வளைவில் ஓரிடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். மழை பெய்தால், டயர் ரப்பர் படிந்த அந்தத் தடமே அதிகம் வழுக்கும். ஓட்டுநர்கள் பிடிமானத்தைத் தேடி வெளிப்புறமாகவும் அகன்றும் செல்வார்கள். ஒவ்வொரு கார் ஒவ்வொரு இடத்தில் திரும்பும். அதற்கேற்ப ஜூம் வளையத்தை ஓயாமல் திருப்ப வேண்டும். போதாக்குறைக்கு, டயர்கள் வாரி இறைக்கும் நீர்த்திரையில் ஆட்டோஃபோகஸ் காரை விட்டுவிட்டுத் துளிகளையோ கம்பிவலையையோ பிடித்துக்கொள்ளும். இடையில் வரும் பொருளுக்கு உடனே தாவாதபடி அதன் பின்தொடரும் வேகத்தைக் குறைத்து வைப்பது ஓரளவு உதவும்; அந்த மாற்றத்தை மழை வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஏனெனில் இந்த உறைக்குள் கையை விட்டுப் பொத்தான்களைத் தடவிக் கண்டுபிடிப்பது, இருட்டில் சாவித்துவாரம் தேடுவது போலத்தான். சட்டைக்கைகள் அகலமாக இருப்பதை மட்டும் பாராட்டுகிறேன். கை தாராளமாகப் போகிறது. ஆனால் ஈர விரல் பட்டதும் துணி ஜூம் வளையத்தோடு ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது.

பின்பக்கச் சன்னல் அரை மணி நேரத்தில் உட்புறமாக ஆவி படிந்து மங்கிவிட்டது. நீரை உள்ளே விடாத துணி உள்ளிருக்கும் புழுக்கத்தையும் வெளியே விடுவதில்லை என்பதே காரணம். வியூஃபைண்டரில் கண் வைத்து எடுப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல் அன்று என்றாலும், எடுத்த படத்தைச் சரிபார்க்கவோ, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைப் பார்க்கவோ முடியவில்லை. அன்றைய வெளிச்சத்தில் லென்ஸின் எஃப் 5.6 திறப்பில், துளிகளை உறைய வைக்கும் 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்டது. பேனிங்குக்கு மாறி 1/100 நொடிக்கு இறங்கியபோது 400 போதுமாக இருந்தது. எனக்குப் பிடித்த படங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 1/1000 நொடியில் மழை வெறும் புள்ளிகளாக நின்றுபோகிறது. 1/100 நொடியில் அது கோடுகளாக ஓட, காரின் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு ஈரத் தரையில் நீண்டு விழுகிறது.

தையல் வழியாக நீர் கசியவில்லை. ஒன்றரை மணி நேர மழைக்குப் பிறகும் கேமராவின் உடல் உலர்ந்தே இருந்தது. மழைக்காப்பு இல்லாத சாதாரணக் கேமரா என்னுடையது என்பதால் இதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் திரும்பும் வழியில் உறையோடு சேர்த்துக் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ரயிலில் தூங்கியது என் பிழை. காலையில் பாளையங்கோட்டை வீட்டில் திறந்தபோது கண்ணாடியில் மெல்லிய பனிப்படலம். அப்படியே விட்டிருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்திருந்த பிறகே மனம் ஆறியது. நனைந்த உறையைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொல்லும் ஒரு வரிக் குறிப்பாவது பெட்டியில் இருந்திருக்கலாம்.

தடித்த பாலித்தீன் பையும் ஒரு ரப்பர் பேண்டும் இதே வேலையைச் செய்யாதா என்று வீட்டில் கேட்டார்கள். அரை மணி நேரத் தூறலுக்குச் செய்யும். காற்று வீசினால் பை படபடத்து லென்ஸின் முன்னே வந்து நிற்கும், நானே பட்டிருக்கிறேன். குற்றாலச் சாரலுக்கும், லென்ஸைப் பாதி நீட்டினால் போதும் என்கிற இடங்களுக்கும் இந்த உறை கொடுத்த விலைக்குத் தகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுவதும் பந்தயம் எடுக்க நினைப்பவருக்கு இந்த அளவு போதாது. அதே கடையில் இப்போது இன்னும் நீளமான ஒன்றும் வைத்திருக்கிறார்கள், இருநூறு ரூபாய் கூடுதல். வாங்குபவர் லென்ஸைக் கையோடு கொண்டுபோய், ஹூடையும் மாட்டி, முழுவதும் நீட்டி, நாடா அதன் விளிம்பைத் தாண்டி நிற்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.