தண்டவாளம் தாங்கும் சத்திரம்

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் திருப்புவனம் தாண்டிச் சற்று உள்ளே போனால் ஒரு பழைய சத்திரம். இப்போது அதைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். ஓர் இரவுக்கு 3,200 ரூபாய், காலைப் பலகாரம் சேர்த்து. நானும் மனைவியும் பங்குனியில் போய்த் தங்கினோம்.

என் தகப்பனார் சுண்ணாம்பு வேலை பார்த்த மேஸ்திரி. அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள். எனக்குக் கை சுவருக்குத்தான் போகும்.

வாசலுக்கு வெளியே சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்ட கல் இரண்டு, குறுக்கே படுத்த கல் ஒன்று. தலைச்சுமைக்காரன் யாரையும் கை கொடுக்கக் கூப்பிடாமல் பாரத்தை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக இத்தகைய கல்லை நடுவது நம் பக்கத்து வழக்கம். விடுதிக்காரர்கள் அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றும் பேசாமல் தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டாள்.

திண்ணை இடுப்பளவு உயரம். வண்டியிலிருந்து குனியாமல் மூட்டையை நகர்த்திவிடலாம். அதையொட்டி மாடு கட்டும் கல் வளையங்கள், நீளமான கல் தொட்டி, கிணறு. வண்டிமாடு முதலில் தண்ணீர் குடிக்கும், பிறகுதான் வண்டியில் வந்தவர். சாவடி என்றால் கூரை மட்டும்தான். சத்திரம் என்றால் சோறும் உண்டு. இங்கே பின்கட்டில் இன்னும் கோட்டை அடுப்பு இருக்கிறது, புகை படிந்து கறுத்த சுவரோடு. அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்காமல் விட்டதற்கு ஒரு கும்பிடு.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ‘ராணி மங்கம்மாள் கட்டியது, 300 ஆண்டு பழமை’ என்று பலகை. நம் பக்கத்தில் பழைய சத்திரமோ மரம் வைத்த சாலையோ கண்ணில் பட்டால் அந்த அம்மாள் கணக்கில் எழுதிவிடுவார்கள். மதுரை நாயக்க அரசி, 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்டவர். சாலை போட்டார், சத்திரம் கட்டினார், எல்லாம் உண்மை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்கிறோமே, சரியாகச் சொன்னால் சத்திரத்துக்கு எதிரேதான் நிலையம் வந்தது. ஆனால் இந்தக் கட்டடத்தின் பின்கட்டில் அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் மரமில்லை, தண்டவாளம்! மங்கம்மாள் அதை எந்தக் கடையில் வாங்கினார்?

முன்கட்டுக் கல் தூண்களும், அவற்றின் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளும் பழையவையாகவே இருக்கட்டும். பின்கட்டு ரயில் வந்த பிறகு எடுத்துக் கட்டியது. மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. 1902இல் மண்டபம் வரை பாதை நீண்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். சேது யாத்திரைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு, வழியெல்லாம் தங்கித் தங்கிப் போன தூரத்தை ரயிலிலேயே உட்கார்ந்து கடந்தார்கள். வழிச் சத்திரத்துக்கு அப்புறம் என்ன வேலை? சத்திரத்தின் பிழைப்பைக் கெடுத்த ரயிலின் கழித்துப்போட்ட இரும்புதான் அதன் சமையற்கட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பலகையில் எழுத வேண்டிய கதை இதுதான்.

எங்களுக்குக் கொடுத்தது ‘அரண்மனை அறை’. சாளரத்தை அடைத்து ஏசி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு ஆளுயரம் வரை சிமென்ட் பூச்சு, மேலே சந்தன நிற வர்ணம். இரவு பதினொரு மணிக்குச் சட்டையைப் பார்த்தால் முதுகெல்லாம் வெள்ளைப் பொடி. கட்டை விரலால் சுவரைத் தேய்த்தேன், பொருபொருவென்று உதிர்ந்தது. நாக்கில் வைத்தேன், உப்பு. தகப்பனார் செய்வதும் அதுதான். அப்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். அழகுபடுத்துகிறோம் என்று சுவரின் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள்.

காவலுக்கு இருந்த பெரியவரிடம் சொன்னேன். “அந்த அறைக்குத்தான் ஐயா எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். நான் படுப்பது முன்கூடத்தில்” என்றார். அங்கேயே எங்களுக்கும் பாய் விரித்துக் கொடுத்தார். முன்கூடத்தில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் தட்டியிருப்பார்கள். மேலே தட்டையான ஓடு. விசிறி இல்லை. விடியற்காலையில் மனைவி போர்வை கேட்டாள். பங்குனியில், மதுரைச் சீமையில்!

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இட்லி பஞ்சு, மல்லிச் சட்னி காரம் சரி. இரண்டாவது முறை சாம்பார் கேட்டதற்குப் பரிமாறிய பையன் மேலாளர் முகத்தைப் பார்த்தான். ‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையா’ என்று பழமொழியைச் சொன்னேன்; சத்திரத்துச் சோற்றுக்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்று அர்த்தம். பையனுக்குப் புரியவில்லை, மேலாளருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாளி சாம்பார் வந்தது.

கிளம்பும்போது சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொல்லி மேலாளரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். வாசலில் பார்த்தால் பூந்தொட்டி மறுபடியும் கல்லின்மேல்.

போகிறவர்கள் அரண்மனை அறையை எடுக்காதீர்கள். முன்கூடத்தில் பாய் கேட்டுப் பாருங்கள், பெரியவர் இருந்தால் தருவார். வாடகை குறைக்க மாட்டார்கள். கொசுவலையைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். தூணுக்குத் தூண் கட்டக் கொக்கி இருக்கிறது.