பிஜாப்பூர்: ஊருக்கு முழு மார்க், ஆட்டோ சுற்றுலாவுக்குப் பாஸ் மார்க்கூட இல்லை

வட கர்நாடகத்தில் இருக்கும் இந்த ஊருக்கு 2014-லேயே விஜயபுரா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் டீக்கடையில் இருந்து ஆட்டோ வரைக்கும் எல்லோர் வாயிலும் வருவது பிஜாப்பூர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து நானும் அப்பாவும் ராத்திரி ரயிலில் போய் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர், ஏழு இடம், நாலு மணி நேரம், மொத்தமாக இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அப்பாவுக்கு முழங்கால் வலி, இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் இருக்கின்றன, சரி என்று ஏறிவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம். ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம், இருபத்தோராவது நிமிஷம் வெளியே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். பாதியில் நின்றுபோன கல்லறைக் கட்டிடமான பாரா கமான் பக்கம் வண்டியை நிறுத்தாமலே "அதோ" என்று கையைக் காட்டிவிட்டு அதையும் ஒரு இடமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நடுவில் கேட்காமலே ஒரு புடவைக் கடை வேறு. அப்பா சத்தம் போட்ட பிறகுதான் வண்டி அங்கிருந்து நகர்ந்தது.

மறுநாள் கிளம்புவதாக இருந்தோம். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, அந்தந்த இடத்துக்கு மட்டும் ஆட்டோ பிடித்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தோம். கீழே வருவதெல்லாம் அந்த இரண்டாவது நாள் கதை.

கோல் கும்பஸுக்குக் காலையில் கதவு திறந்த உடனே போய்விடுங்கள், இதை மட்டுமாவது கேளுங்கள். பிஜாப்பூரை ஆண்டு 1656-ல் இறந்த சுல்தான் முகமது அடில் ஷாவின் கல்லறை அது. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் வளைவுகள்தான் அவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்குகின்றன, வெளி விட்டம் மட்டும் கிட்டத்தட்ட 44 மீட்டர். மூலைக் கோபுரத்துக்குள் ஏழு மாடிக்குக் குறுகலான செங்குத்துப் படி, முழங்கால் பிரச்சினை இருப்பவர்கள் கீழே கூடத்திலேயே உட்காருவது நல்லது, அப்பா அப்படித்தான் செய்தார். மேலே போனால் குவிமாடத்தின் உட்புறம் சுற்றிவரும் மாடத்தில், சுவரோடு ஒட்டி நின்று கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் காதோரம் கேட்கிறது, ஒரு கைதட்டல் ஏழெட்டு முறை திரும்பி வருகிறது. முதல் நாள் பதினோரு மணிக்கு ஏறியபோது இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களைவிட மோசமாகப் பெரியவர்களும் ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள், தலைவலிதான் மிச்சம். விடிகாலையில் மேலே மொத்தம் ஐந்து பேர். யாரோ தொண்டையைச் செருமியது சுவரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது.

ஆனால் என்னை அப்படியே உட்கார வைத்தது இப்ராஹிம் ரோஜாதான். ஒரே மேடையில் கல்லறையும் மசூதியும் எதிரெதிராக. இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா தன் ராணிக்காகக் கட்ட ஆரம்பித்தது, 1627-ல் அவரே முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். சரஸ்வதியைப் பாடி தக்கனி மொழியில் பாட்டு எழுதிய சுல்தான் இவர். எழுத்தையே ஜன்னலாகக் குடைந்திருக்கிறார்கள், உள்ளே நின்று பார்த்தால் வெயில் எழுத்து வடிவில் வருகிறது. ஆட்டோக்காரர் இதற்கும் அதே இருபது நிமிஷம்தான் கொடுத்தார், நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

மாலிக்-இ-மைதான் பீரங்கி 1549-ல் வார்த்தது, 55 டன் எடை என்கிறார்கள். வாய்ப்பக்கம் யானையை மெல்லும் சிங்க முகம். 1854-ல் வெறும் 150 ரூபாய்க்கு இதை ஏலம் விட்டு, அப்புறம் ரத்து செய்திருக்கிறார்கள். நல்லவேளை. பக்கத்திலேயே உப்லி புர்ஜ் என்ற காவல் கோபுரம், வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் படி, மேலே காற்று மட்டும் இலவசமாக நிறைய. ஜும்மா மசூதியின் தரையில் தொழுகைக்காகக் கோடு போட்ட கட்டங்கள் 2,250 இருக்கின்றனவாம், நான் எண்ணவில்லை.

பாரா கமானையும் இந்த முறை இறங்கிப் பார்த்தோம். தகப்பன் கட்டிய கோல் கும்பஸை மிஞ்சப் பார்த்தவர் இரண்டாம் அலி, வேலை முடியவில்லை, கூரையே இல்லாமல் கருங்கல் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் சும்மா வந்து உட்காருகிறார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடித்தது.

சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடாமல் ஏதாவது ஒரு கானாவளிக்கு, அதாவது உள்ளூர் மெஸ்ஸுக்குப் போங்கள், ஜோள ரொட்டி (சோள ரொட்டிதான்), எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப் பொடி, கூடத் தயிர். ரொட்டி போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

குறை என்றால் வெயிலும், பல இடங்களில் கழிப்பறை என்ற பெயரில் இருப்பதும். தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். கோல் கும்பஸ் வளாகத்தில் இருக்கும் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நாங்கள் போனது வெள்ளிக்கிழமை.