லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸில் கணக்கு: ரெமினாவுடன் எட்டு மாதம்

கணக்கு எழுதுவது என் வேலை. அலுவலகத்துக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் மடிக்கணினிக்கோ வயதாகிவிட்டது. விண்டோஸ் 11 அதில் ஏறாது என்று தெரிந்ததும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்டு என்ற இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. ஆக, லினக்ஸ் முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் விண்டோஸை ஓட்டியாக வேண்டும். எட்டு மாதமாக அதற்கு நான் பயன்படுத்துவது ரெமினா என்ற செயலி. காசு கிடையாது, திறமூலம், மின்டின் மென்பொருள் மேலாளரில் தேடினால் வந்துவிடும்.

முதலில் முயன்றது ரெமினா அல்ல, தூரத்துக் கணினியை இயக்க உதவும் விஎன்சி என்ற இன்னொரு முறை. அது அந்தப் பக்கத்துத் திரையை அப்படியே படமாக அனுப்புகிறது. லெட்ஜரைக் கொஞ்சம் வேகமாக மேலும் கீழும் ஓட்டினால் எழுத்துகள் ஒட்டுப்போட்ட துணிபோலத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. அதைவிட உறுத்திய விஷயம், நான் செய்வதெல்லாம் அலுவலக மானிட்டரிலும் தெரியும். சம்பளப் பட்டியலை வீட்டில் திறந்தால் அங்கே நடந்து போகிறவரும் படிக்கலாம். தூரத்துக் கணினியை இயக்க விண்டோஸுக்கே உரிய ஆர்டிபி முறையில் இந்தத் தொல்லை இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்கிறது. படமும் என் மடிக்கணினித் திரையின் அளவுக்கே வருகிறது. ரெமினாவுக்கு விஎன்சி போன்ற வேறு முறைகளும் தெரியும் என்றாலும் நான் தொடுவது ஆர்டிபியை மட்டும்தான். அதற்கு உள்ளே உழைப்பது ஃப்ரீஆர்டிபி என்கிற நிரல். ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய நிரலிலிருந்து 2009-இல் பிரிந்து வந்தது.

முதல் நாள் அரை மணி நேரம் உள்ளேயே போக முடியவில்லை. பெயர் சரி, முகவரி சரி, ஆனாலும் கதவு திறக்கவில்லை. ரெமினாவைத் திட்டித் தீர்த்தபிறகுதான் உறைத்தது: தினமும் அலுவலகத்தில் நான் தட்டுவது நாலு இலக்கப் பின் எண். ஆர்டிபிக்குப் பின் எண் ஆகாது, முழுக் கடவுச்சொல் வேண்டும். அது என்னவென்றே எனக்கு மறந்து போயிருந்தது. இன்னொன்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் ஆர்டிபி வழியாக யாரையும் உள்ளே விடாது, புரோ வேண்டும்.

உள்ளே போனபிறகு படம், வேகம் இரண்டிலும் குறையே இல்லை. திணறியது விசைப்பலகையில். எங்கள் கணக்கு மென்பொருளில் மவுஸைத் தொடுகிறவன் கற்றுக்குட்டி. எல்லாம் எஃப் விசைகளும் ஆல்ட் கூட்டுகளும்தான். தேதி வரம்பை மாற்ற ஆல்ட்-எஃப்2 அழுத்துவது என் விரலுக்குத் தூக்கத்திலும் வரும். அழுத்தினேன். கணக்கில் எதுவும் அசையவில்லை, என் லினக்ஸ் திரையில் கட்டளை எழுதச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. விசை பாதி வழியிலேயே மின்டிடம் மாட்டிக்கொண்டது. ஆல்ட்-டேப்பும் இதே கதை: அங்கே இரண்டு ஜன்னலுக்கு இடையே தாவ நினைத்தால் இங்கே பிரவுசருக்குத் தாவியது.

ரெமினாவின் கருவிப்பட்டையில் விசைப்பலகைப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் எல்லா விசையும் நேராக விண்டோஸுக்குப் போய்விடும். திரும்பி வர வலது கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டினால் போதும். இந்த ஒரு பொத்தானுக்காகவே ரெமினாவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதிலும் ஒரு முள். காப்பி செய்ய வலது கன்ட்ரோலை அழுத்திப் பழகியவன் நான். ஒவ்வொரு முறையும் பூட்டுத் திறந்து, திறந்தது பூட்டி, எந்த உலகத்தில் இருக்கிறேன் என்றே தெரியாமல் ஒரு வாரம் ஓடியது. அப்புறம் அமைப்புகளில் போய் அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றினேன்.

தமிழ் தட்டச்சு இன்னொரு பாடம். மின்டில் தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பைப் போட்டுக்கொண்டு அங்கே ஒரு குறிப்பில் 'வரவு' என்று அடித்தேன். வி, எம், வி, டி என நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. ஆர்டிபியில் எழுத்து பயணம் செய்வதில்லை. எந்த விசையை அழுத்தினோம் என்ற எண் மட்டும்தான் போகிறது. அதை எந்த எழுத்தாகப் படிப்பது என்பதை அந்தப் பக்கத்து விண்டோஸ் முடிவு செய்கிறது. ஆகவே தமிழ் 99 அங்கே இருக்க வேண்டும், இங்கே ஆங்கிலமே இருக்கட்டும். விண்டோஸில் அதைச் சேர்த்தபிறகு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்கிறேன். மேலே சொன்ன பொத்தான் அழுத்தியிருந்தால்தான் அதுவும் வேலை செய்யும்.

சில்லறைக் குறைகள் உண்டு. ஜன்னலைப் பெரிதாக்கினால் படமும் கூடவே பெரிதாவதற்கு, திரை அளவைத் தானாக மாற்றும் வசதியைக் கருவிப்பட்டையில் நாமே தேடி இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஸ்க்ரோல் பட்டை முளைக்கிறது. இணைப்பின் தரம் 'மோசம்' என்றே முதலில் இருந்தது, அதையும் தேடித்தான் ஏற்றினேன். அமைப்புப் பக்கத்தில் அவ்வளவு தாவல்கள், அவ்வளவு பெட்டிகள். பாதிக்கு அர்த்தம் இன்றுவரை புரியவில்லை, தொடவும் இல்லை. ஒருநாள் திடீரென்று, அந்தப் பக்கத்துக் கணினிக்கு அடையாள அட்டைபோல இருக்கும் சான்றிதழ் மாறிவிட்டது, ஏற்கலாமா என்று கேட்டுப் பயமுறுத்தியது. விண்டோஸ் தானே தயாரித்துக்கொள்ளும் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம்தானாம். அலுவலகத்தில் கணினி பார்க்கும் பையனிடம் கேட்டு, சான்றிதழின் 'கைரேகை' எனப்படும் அடையாள எண் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தபிறகே ஏற்றேன். விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான தனி வழி) போடாமல் இணைக்கவே கூடாது என்பதும் அவன் கட்டளை. ஆர்டிபி இணைப்பு நுழையும் 3389 என்ற வழியை (போர்ட்) இணையத்தில் திறந்து வைப்பது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதுபோல என்பான். 2019-இல் ப்ளூகீப் என்ற ஆர்டிபி பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததிலிருந்து இதில் அவனிடம் பேச்சுக்கே இடமில்லை.

உடன் வேலை செய்பவர் மேக் வைத்திருக்கிறார். அவருக்கு மைக்ரோசாஃப்டே தரும் செயலி உண்டு. 2024-இல் அதன் பெயரை 'விண்டோஸ் ஆப்' என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தேடித் தேடி அவர் அலுத்துப்போனது தனிக்கதை. விசைத் தகராறு அங்கேயும் இருக்கிறது, கன்ட்ரோலா கமாண்டா என்ற வடிவத்தில்.

அச்சிடுவதில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். வீட்டு அச்சுப்பொறியைப் பகிரும் பெட்டியை டிக் செய்தேன். விண்டோஸில் ஒரு அச்சுப்பொறி தோன்றவும் செய்தது, ஆனால் அதை இயக்கும் நிரலாக (டிரைவர்) என் அச்சுப்பொறிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயர் இருந்தது. வந்த தாளில் பாதி பக்கம் காலி. மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ரெமினாவில் மடிக்கணினியின் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன். விண்டோஸில் அது தனி டிரைவ்போலத் தெரிகிறது. பில்லைப் பிடிஎஃப் ஆக்கி அதில் சேமித்து, இந்தப் பக்கம் வந்து மின்டிலிருந்து அச்சடிக்கிறேன். ஒரு பில்லுக்கு நாலு கிளிக் கூடுதல். மாதக் கடைசியில் நாற்பது பில் சேரும்போது மட்டும் கொஞ்சம் எரிச்சல் வரும்.